பின்பக்கத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் கையொப்பமிட்ட பழைய செலவுக் காகிதம் ஒன்றின் படத்தைப் போட்டு, அவருடைய ஆடம்பரத்துக்கு அவர் கையெழுத்தே சாட்சி என்ற பொருளில் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் பற்றி இக்கடிதம். அரசி சிக்கனக்காரர் என்று வாதாட வரவில்லை. கை தாராளம்தான்; அதற்கு அசைக்க முடியாத கணக்குகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஒற்றைக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. இத்தகைய காகிதங்கள் அடிக்கடி ஏலத்துக்கு வருகின்றன, ஒவ்வொரு முறையும் இதே தலைப்பில் செய்தியாகின்றன. அதனால் அவற்றைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காகிதம் என்ன வகை என்று பார்க்க வேண்டும். அரசியின் இல்லத்துக்குத் தனிக் கருவூலம், தனிப் பொருளாளர் உண்டு. பணம் வெளியே போக வேண்டுமானால் அவர் பெயருக்கு ஓர் ஆணை எழுதப்படும்: என் இல்லப் பொருளாளரே, இன்னாருக்கு, இன்ன பணிக்காக, இன்ன காலாண்டுக்கு, இவ்வளவு லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) ரொக்கமாகக் கொடுக்கவும். கீழே இடம், தேதி, ‘மரி அந்துவானெத்’ என்ற கையொப்பம், அதற்கும் கீழே செயலரின் மேலொப்பம். வாசகம் முழுக்க எழுத்தரின் கையில் இருக்கும். தொகை எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். பணம் வாங்கியவர் பின்பக்கத்திலோ தனித்தாளிலோ பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். சுருங்கச் சொன்னால் இது வவுச்சர். கலெக்டர் கையெழுத்துப் போட்ட சம்பளப் பட்டியலைக் காட்டி ‘கலெக்டர் இத்தனை லட்சம் செலவழித்துவிட்டார்’ என்று யாரும் செய்தி போடுவதில்லை. அரசி கையொப்பமிட்ட ஆணைகள் பலவற்றில் பணம் போனது சமையற்கூடத்துக்காரர், குதிரை லாயக்காரர், அறைப் பணியாளர், மருத்துவர் போன்றோரின் ஊதியத்துக்கு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அரண்மனைப் பணிகள் பல காலாண்டு முறையில் நடந்தன. ஒரே பதவியில் நான்கு பேர். ஆளுக்கு மூன்று மாதம். ஆண்டுப் பட்டியலில் நான்கு பெயரும் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘அரசிக்குத் தண்ணீர் கொடுக்க நான்கு ஆள்’ என்று எழுதுவார்கள். ஒரு நேரத்தில் நின்றது ஒருவர்.

அடுத்தது கையொப்பம். பிரெஞ்சு அரசவையில் மன்னரின் கையெழுத்தைப் போலவே எழுதுவதற்கென்றே செயலர் இருந்தார். இதில் மோசடி எதுவும் இல்லை, அது பதவி. பதினான்காம் லூயிக்கு இந்த வேலையைச் செய்த துசேன் ரோஸ் அதில் பேர்போனவர். அவர் எழுதியதா, மன்னர் எழுதியதா என்று பிரித்தறிவது இன்றும் எளிதல்ல. மரி அந்துவானெத் பெயரில் இருக்கும் அலுவல் காகிதங்களிலும் செயலர் கை உண்டு. ஏலக்கடைக்காரர்கள் இதை விவரக்குறிப்பில் சின்ன எழுத்தில் சொல்வார்கள். அது செய்திக்கு வருவதற்குள் காணாமல் போய்விடும். வாசகத்தை எழுதிய மையும் கையொப்பத்தின் மையும் ஒரே அடர்த்தியில், ஒரே பேனா அகலத்தில், ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். அரசியின் சொந்தக் கை அவ்வளவு வழுவழுப்பாகப் போகாது. 1770 மே 16 அன்று வெர்சாய் திருமணப் பதிவேட்டில் அவர் போட்ட கையொப்பம் கோணல்மாணலாக இருக்கும், நடுவில் பெரிய மைக்கறை வேறு. அப்போது வயது 14. பிற்காலத்தில் எழுத்து நிதானப்பட்டது. 1864-ல் அவர் எழுதிய கடிதங்கள் என்று பாரிசில் இரண்டு தொகுப்புகள் வெளியாயின. வியன்னா ஆவணக் காப்பகத்தில் இருந்த அசல் கடிதங்களை ஆர்னெத் என்ற வரலாற்றாசிரியர் வெளியிட்டதும் குட்டு உடைந்தது. சிறுமியாக இருந்தபோது எழுதியவை என்று காட்டப்பட்ட கடிதங்களில் முதிர்ந்த வயதின் கையெழுத்து இருந்தது. போலி செய்தவர் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த மாதிரி எந்த வயதுக்குரியது என்று பார்க்கத் தவறிவிட்டார்.

கையொப்பத்தை நம்பிக் கெட்டவர்களில் தலையாயவர் ரொஹான் கர்தினால். பேமர், பஸாஞ்ச் என்ற நகைக்கடைக்காரர்கள் 647 வைரங்களை, ஏறத்தாழ 2,800 காரட்டை, ஒரே அட்டிகையாகக் கோத்து விற்க முடியாமல் தவித்தார்கள். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகிக்காகத் தொடங்கிய நகை அது. மன்னர் இறந்ததும் வாங்க ஆளில்லை. மரி அந்துவானெத்தும் வேண்டாம் என்றவர். 1785 சனவரியில் ழான் த லா மொத் என்ற பெண் கர்தினாலை நடுவில் நிறுத்தி ஓர் ஒப்பந்தத்தைத் தயார் செய்தாள்: விலை 16 லட்சம் லிவ்ர், நான்கு தவணை, முதல் தவணை ஆகஸ்ட் 1. நிபந்தனைகளுக்கு எதிரே ‘ஒப்புதல்’, கீழே ‘மரி அந்துவானெத் த பிரான்ஸ்’. எழுதியது ரெத்தோ த வில்லெத் என்ற அவளுடைய கூட்டாளி.

அந்த ‘த பிரான்ஸ்’தான் அவர்கள் கோட்டைவிட்ட இடம். அது பிரெஞ்சு மன்னரின் பிள்ளைகளுக்குரிய பெயரொட்டு. ஆஸ்திரியாவிலிருந்து மருமகளாக வந்தவருக்கு அது கிடையாது. அதோடு அரசிகள் திருமுழுக்குப் பெயரை மட்டுமே எழுதுவார்கள். இத்தனை பெரிய குடும்பத்தில் பிறந்த, அரண்மனையின் தலைமைக் குருவான உமக்கு இதுகூடத் தெரியாதா என்று அரசியின் கணவரான மன்னர் பதினாறாம் லூயி கர்தினாலைக் கேட்டார். 1785 ஆகஸ்ட் 15 அன்று, பூசை உடையோடு அவர் கைதானார். 1786 மே 31 தீர்ப்பில் கர்தினால் விடுதலை. ழானுக்குச் சூட்டுக்கோல், சிறை. அட்டிகை எப்போதோ பிரிக்கப்பட்டு இலண்டனில் கல் கல்லாக விற்கப்பட்டுவிட்டது. அரசியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பெரிய பில்லில் அரசியின் கையெழுத்தே இல்லை என்பதைச் செய்தி ஆசிரியர்கள் மேசையில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

காகிதத்தையே சோதிக்க வழிகள் உண்டு. பெரிய ஆய்வகம் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அக்காலக் கந்தல் காகிதத்தில் அச்சுவலையின் கம்பித் தடங்கள் தெரியும்: நெருக்கமான மெல்லிய கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே அகல இடைவெளியில் சில தடித்த கோடுகள். மரக்கூழ்க் காகிதமானால் பேச்சே வேண்டாம், அது 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நீர்க்குறியில் ‘1742’ என்று ஆண்டு இருந்து, ஆவணத்தின் தேதி 1782 என்று இருந்தால் பதற வேண்டாம். நீர்க்குறியில் ஆண்டு போட வேண்டும் என்று பிரான்சில் சட்டம் வந்தபோது போட்ட முதல் ஆண்டு 1742. காகிதப் பட்டறைகள் பல பத்தாண்டுகள் அந்த எண்ணை மாற்றவே இல்லை. தேதி பொருந்தவில்லை என்று அசலைப் போலி என்று சொன்னவர்கள் உண்டு. மை, மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்தது. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், நூறாண்டில் பழுப்பேறும். கோடு தடித்த இடங்களில் காகிதத்தை அரித்துப் பின்பக்கம் வரை இறங்கியிருக்கும். ஒவ்வொரு கோட்டின் இரு ஓரத்திலும் கீறல் தடம் இருந்தால் அது இரும்பு நிப்பு. அரசி காலத்தில் இறகுப் பேனா. புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால், அதில் இருப்பது 20-ஆம் நூற்றாண்டின் வெண்மையூட்டி.

இனி தொகைக்கு வருவோம். 1 லிவ்ர் என்பது 20 சூ. 1 சூ என்பது 12 தெனியே. அணாவும் பைசும் கூட்டித் தள்ளிய நம் தாத்தா காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு இது கைவந்த கணக்கு. 24 லிவ்ர் ஒரு லூயி தங்கக் காசு. எக்யூ என்று இருந்தால் 3 லிவ்ரா, 6 லிவ்ரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே தவறினால் தொகை இரட்டிப்பாகிவிடும். லிவ்ரை நேரே இன்றைய டாலருக்கோ ரூபாய்க்கோ மாற்றுவது வீண். அன்று ரொட்டி விலை அதிகம், ஆள் கூலி குறைவு. எந்தப் பொருளை வைத்து மாற்றுகிறோமோ அதற்கேற்ப விடை பல மடங்கு மாறும். கூலியோடும் ரொட்டியோடும் ஒப்பிட்டுக் காட்டுவதே நேர்மை. பாரிசில் சாதாரணக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 சூ. நான்கு ராத்தல் ரொட்டி 1789 தொடக்கத்தில் பதினாலரை சூ.

பில்லில் இருக்கும் தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றல்ல. கடைக்காரர் கொடுப்பது கோரிக்கைப் பட்டியல். அதைச் சரிபார்ப்பவர் வரி வரியாக வெட்டி, கீழே ‘இத்தனைக்குத் தீர்க்கப்பட்டது’ என்று எழுதுவார். பணம் வர ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அந்தத் தாமதத்தையும் விலையிலேயே ஏற்றி வைப்பார். வெட்டுவார்கள் என்றும் தெரியும். அதற்கும் சேர்த்து ஏற்றுவார். நம் ஊர் ஒப்பந்தக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஆகவே, பட்டியலின் மேல்தொகையை எடுத்துச் செய்தி போட்டால் அது கேட்ட பணம். கொடுத்த பணம் கடைசி வரியிலோ பின்பக்கத்திலோ இருக்கும். அரைகுறையாகக் கொடுத்து மீதி நின்றதும் உண்டு. அரசியின் உடைக்காரி ரோஸ் பெர்த்தேன் இறந்த பிறகும் அவருடைய வாரிசுகள் பழைய பாக்கிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஆடம்பரத்துக்கு நம்பத்தக்க கணக்கு எங்கே இருக்கிறது? உடைக்கணக்கில். முந்தைய அரசி காலத்திலேயே நிர்ணயித்த ஆண்டுத் தொகை 1,20,000 லிவ்ர். உடைப் பொறுப்பில் இருந்த தோசூன் சீமாட்டி வைத்த கணக்கின்படி 1782-ல் ஆன செலவு 1,99,509 லிவ்ர். 1785-ல் 2,58,002 லிவ்ர். ஒதுக்கியதைப் போல இரு மடங்குக்கும் மேல். 1782-க்கான உடை ஏடு பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நறுக்கி ஒட்டிய துணித் துண்டுகள், பக்கத்தில் எந்த வகை உடை, யார் தைத்தது என்ற குறிப்பு. துண்டுகள் விரல் அகலத்தில் இருந்து உள்ளங்கை அளவுக்குள்தான். சில நிறம் மங்காமல் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஏட்டைக் காலையில் அரசியிடம் நீட்டுவார்கள். அன்று உடுத்த வேண்டியவற்றின் துண்டில் அவர் குண்டூசி குத்தித் திருப்பிக் கொடுப்பார். பணிப்பெண் கம்பான் எழுதியபடி, ஒரு பருவத்துக்குப் பேருடை 12, பகட்டில்லாத சிற்றுடை 12, பாவாடையை விரித்து நிறுத்தும் வளைகூட்டின் மேல் போடும் விலையுயர்ந்த உடை 12. பருவம் முடிந்ததும் சிலவற்றைத் தவிர மற்றவை கழிக்கப்படும், கழித்தவை சுற்றியிருந்த சீமாட்டிகளுக்குப் போய்ச் சேரும். ஆக, செலவு அரசி பெயரில், வரும்படி பிறர் கையில். மெழுகுவத்தியும் அப்படியே: எரிந்து மிஞ்சியது பணிப்பெண்களின் உரிமை. ஆக, வத்திச் செலவு குறைந்தால் யாருக்கு நட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கனமாக உடுத்தியபோதும் அவருக்குத் திட்டுதான் கிடைத்தது. 1783-ல் வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்த அவர் படத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். உள்ளாடையோடு நிற்கிறார் என்றார்கள், லியோன் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறார் என்றார்கள். அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் பட்டுடுத்திய படத்தை மாட்டினார்கள்.

நகையில் 1776-ஆம் ஆண்டு வாங்கிய வைரக் காப்புகள் நல்ல எடுத்துக்காட்டு. விலை 2,50,000 லிவ்ர் என்று கேள்விப்பட்டு, வியன்னாவிலிருந்து தாய் மரியா தெரேசா செப்டம்பர் 2 தேதியிட்டுக் கண்டித்து எழுதினார். இத்தகைய அற்ப விஷயத்துக்காக அம்மாவைத் தொந்தரவு செய்வார்கள் என்று நினைக்கவில்லை என்பது மகளின் பதில். ஊதாரித்தனத்துக்குக் கையொப்பச் சாட்சி வேண்டுமென்றால் இந்தப் பதில் போதும். எந்த வவுச்சரும் இதற்கு ஈடில்லை. அந்தக் காப்புகள் 112 வைரங்களோடு 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஏலம் போயின.

ஆனாலும் துணியும் கல்லும் சில்லறைதான். தோழி பொலிஞ்ஞாக் சீமாட்டியின் மகள் திருமணத்துக்குக் கருவூலத்திலிருந்து போன சீர் 8,00,000 லிவ்ர்: உடைக்கு நிர்ணயித்த ஆறு ஆண்டுத் தொகையைவிட அதிகம். 1785-ல் அரசி தம் பெயரிலேயே வாங்கிய சேன் க்ளூ மாளிகை 60 லட்சம். எல்லோரும் ஏசிய திரியானோன் மாளிகைக் கணக்கு 15 ஆண்டுக்கும் சேர்த்து 16 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டவில்லை. 1789-ல் மக்கள் பிரதிநிதிகள் சிலர் அங்கே வந்து, வைரம் பதித்த அறையைத் திறந்து காட்டச் சொல்லி அடம்பிடித்தார்களாம். அப்படி ஓர் அறை இல்லை. பதினைந்தாம் லூயி காலத்து நாடக மேடைக்குச் செய்த கண்ணாடிக்கல் தட்டிதான் வதந்தியில் வைரமாகியிருந்தது.

உண்மையிலேயே படிக்க வேண்டிய கையொப்ப ஆவணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ‘சிவப்பு ஏடு’ என்ற மன்னரின் இரகசியச் செலவுப் பதிவேடு. பதிவுகளை எழுதியது நிதிப் பொறுப்பாளர்கள். பக்கத்தில் பதினாறாம் லூயியின் சுருக்கொப்பம். 1790 ஏப்ரலில் தேசிய மன்றக் குழு அதை அச்சிட்டது. தாத்தா காலத்துப் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று மன்னர் கேட்டதால் அந்தப் பகுதியைத் தாள் பட்டை சுற்றி மூடியே கொடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 22 கோடியே 80 லட்சம் லிவ்ர். அரசியின் குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இது: வெளியுறவும் அஞ்சலும் 13 கோடியே 58 லட்சம், மன்னரின் இரு தம்பிகளுக்கு 2 கோடியே 83 லட்சம், மன்னர், அரசி இருவரின் சொந்தச் செலவு 1 கோடியே 14 லட்சம், அதாவது நூற்றுக்கு ஐந்து. தம்பிமார் இரண்டரை மடங்கு விழுங்கியிருக்கிறார்கள். ஆனால் ‘கொழுந்தன் ஊதாரி’ என்ற பாட்டை யாரும் பாடவில்லை.

நாட்டுக் கணக்கோடு வைத்தும் பார்க்க வேண்டும். 1788-ல் பிரெஞ்சு அரசின் மொத்தச் செலவு 63 கோடியை ஒட்டி. அதில் பாதிக்கு மேல், சுமார் 31 கோடியே 80 லட்சம், கடனுக்குப் போனது. தரைப்படை, கடற்படை, வெளியுறவு சேர்த்து 16 கோடியே 50 லட்சம். அரண்மனை மொத்தமும் நூற்றுக்கு ஆறு. ஆண்டு வேறானாலும் ஒப்பிட்டுப் பார்க்க அரசியின் 1785 உடைச் செலவை இதில் வைத்தால் ஆயிரத்தில் அரைப் பங்குகூட வராது. அந்தக் கடன் மலையில் ஒரு பெரிய பகுதி அமெரிக்க விடுதலைப் போரில் வாங்கியது. 100 கோடிக்கும் மேல். அந்தப் போரில் நம் கடலும் அடக்கம். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், சூலையில் நாகப்பட்டினம், ஆகஸ்டு கடைசியில் திருகோணமலை, 1783 சூனில் கடலூர் என்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரோடு மோதிய இடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக் கருவூலம் ஓட்டையான கதையைத் தேடுகிற தமிழ் வாசகர் வெர்சாய் அலமாரிக்குப் போகுமுன் கடலூர்க் கரையில் நின்று பார்க்கலாம்.

அதற்காக 2,58,002 லிவ்ர் அற்பத் தொகை என்று எழுதினாலும் தவறுதான். நாளுக்கு ஒரு லிவ்ர் வாங்கும் கூலியாட்கள் ஆயிரம் பேர் 258 நாள் உழைத்தால் வரும் பணம் அது. கருவூலத்துக்குத் தூசு, தெருவில் நிற்பவனுக்கு மலை. இரண்டும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பாரிசில் அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கை மன்றத்தின் கட்டடம் 1871 மே மாதக் கலவரத்தில் எரிந்தது. பழைய கணக்குகள் ஏராளமாகச் சாம்பலாயின. பேரேடுகளிலிருந்து பிரிந்த உதிரித் தாள்கள் விற்பனைக்கு அலைகின்றன. அவற்றில் அரசி பெயர் உள்ள தாளுக்குத்தான் விலை. ஆகவே அதுதான் கண்ணில் படுகிறது. பீரங்கி வார்ப்புக்குப் பணம் கொடுத்த தாளைச் சட்டம் போட்டு மாட்ட யார் வாங்குவார்?

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய ஆவணம் பற்றி எழுதும்போது கையொப்பத்தை மட்டும் பெரிதாக்கிப் போடாமல் முழுத்தாளையும் பின்பக்கத்தையும் படமாகப் போடுங்கள். பணம் யாருக்கு, எதற்காக, எந்தக் காலாண்டுக்கு என்ற மூன்று விவரத்தை அந்த வரியிலிருந்தே தமிழில் தாருங்கள். தொகையை லிவ்ரிலேயே எழுதிப் பக்கத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று போட்டால் போதும். பிரெஞ்சு எழுத்தரின் கிறுக்கலைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள்; அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிரெஞ்சு ஆவணங்களைப் படித்துவரும் வாசகர்கள்,
புதுச்சேரி